வளவை மூடிவிட்டுக் காற்றை விலைக்கு வாங்குவதா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டில் நாங்களும் 78 வயது அப்பத்தாவும் இருக்கிறோம். அப்பத்தாவுக்கு ஆஸ்துமா. குரங்கு, புறா தொல்லை தாங்காமல் போன ஆண்டு வளவின் (வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தின்) மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடினோம். அவர் படுக்கும் அறைக்கு ஏசியும் வைத்தோம் (12 அடிக்கு 14 அடி, உயரம் 14 அடி). அதற்குப் பிறகு இருமல் கூடியிருக்கிறது. காரைக்குடியிலிருந்து வந்த ஒருவர் கையடக்கக் கருவியால் அளந்து பார்த்துவிட்டு, மூன்று ஏர் பியூரிஃபையர் வேண்டும், 54,000 ரூபாய் ஆகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: மூன்று வேண்டாம். ஒன்று தேவைப்படலாம், அதற்கும் அவசரமில்லை. முதலில் மேலே போட்ட தகட்டைக் கவனியுங்கள்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே கோட்டில் வாசல்கள், நடுவில் வானம் பார்த்த வளவு. செட்டிநாட்டு வீடுகளை இப்படிக் கட்டியவர்கள் அழகுக்காக மட்டும் கட்டவில்லை. சூடேறிய காற்று வளவு வழியாக மேலே போகும். அந்த இடத்தை நிரப்பத் தெருப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். அடுப்படிப் புகை, ஈரம், ஆட்கள் விடும் மூச்சு எல்லாம் அந்தப் போக்கிலேயே வெளியேறிவிடும். நீங்கள் அடைத்தது அந்த மேல்வாயை. இப்போது தகட்டின் கீழே சூடும் புகையும் சேர்ந்து நிற்கின்றன.

தகட்டைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. புறாவைத் தடுத்தது சரியான காரியம். அதன் எச்சத் தூசி சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். தகட்டை ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நிறுத்துங்கள். நான்கு பக்க இடைவெளிக்கும் கம்பி வலை அடியுங்கள். தகட்டின் ஓரம் சட்டத்தைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால் சாரல் அதிகம் உள்ளே வராது. வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் போதும். பங்காளிகளிடம் சம்மதம் வாங்கத்தான் நாளாகும்.

இனி அந்தக் கருவிக்காரர். இந்த வித்தையை ஊர் ஊராகப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கருவியின் அருகே வைப்பார்கள்; எண் சிவப்பில் எகிறும். ஊதுவத்தி எரிந்தால் எந்த வீட்டிலும் எகிறத்தான் செய்யும். மலிவான கருவிகளில் ஃபார்மால்டிஹைடு என்று ஓர் எண் ஓடும். பக்கத்தில் யாராவது சென்ட் அடித்தால்கூட, அதிலுள்ள ஆல்கஹாலுக்கு அது துள்ளிக் குதிக்கும். அதைக் காட்டி "உங்கள் தேக்குக் கதவிலிருந்து விஷவாயு வருகிறது" என்பார்கள். நூறு வயதான பர்மாத் தேக்கிலிருந்து! அளப்பவரே விற்பவராகவும் இருந்தால் அந்த அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள். அயனி, ஓசோன் என்று ஏதாவது இணைப்பைக் கூடுதல் வசதியாகச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓசோன் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. தொட்டிச் செடிகளும் பயன் தராது. 1989இல் நாசா செய்த சோதனை சின்னஞ்சிறு மூடிய அறைகளில் நடந்தது. வீட்டில் அதே பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகளுக்குக் குறையாமல் வேண்டும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

மூன்று பியூரிஃபையர்களில் இரண்டு எங்கே வைக்கச் சொன்னார்? வளவிலும் பட்டாலை என்கிற கூடத்திலுமாக இருக்கும். அது ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாக வடிகட்டுகிற வேலை.

அப்பத்தாவின் அறை மட்டும் விதிவிலக்கு. இதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பதும் இங்கேதான். கதவு மூடும் அறை, உள்ளே ஆஸ்துமாக்காரர். ஹெப்பா (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) வடிகட்டி உள்ள கருவி ஒன்று உண்மையிலேயே நுண்துகளைக் குறைக்கும். ஆனால் பெட்டியில் அச்சிட்ட சதுர அடியை நம்பாதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் எட்டு அடி, ஒன்பது அடி உயர அடுக்குமாடி அறைகளுக்கானது. உங்கள் அறை 2,352 கன அடி, அதாவது சுமார் 67 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அத்தனை காற்றும் வடிகட்டிக்குள் போய் வர வேண்டும். எனவே சிஏடிஆர் (கருவி ஒரு மணி நேரத்தில் தரும் சுத்தமான காற்றின் அளவு) என்று குறித்திருக்கும் எண் மணிக்கு 330 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. எட்டு அடி உயரக் கணக்கில் 190 போதும் என்று சொல்லிச் சின்னக் கருவியைத் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த 330-உம் முழு வேகத்தில் ஓடும்போதுதான். இரவில் சத்தம் பொறுக்காமல் வேகத்தைக் குறைத்தால் பலனும் குறையும். ஆகவே அதைவிடப் பெரியதாகவே பாருங்கள். மாற்று வடிகட்டியின் விலையை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வியாபாரத்தின் லாபம் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

அதை வாங்கினாலும், மூச்சில் வெளியாகி அறையில் சேரும் கரியமில வாயு குறையாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காலையிலும் படுக்கப் போகும் முன்பும் கால் மணி நேரம் கதவு, சன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள். இரவில் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே விடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஏசி பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதற்குத்தான். உள்ளே இருப்பவருக்கு மூச்சு விடக் காற்று உண்டா என்று சொல்ல எந்த முத்திரையும் இல்லை. கட்டட வரைபட அனுமதி அலுவலகத்திலும் இதே கதை. தேசியக் கட்டட விதித் தொகுப்பில் காற்றோட்டத்துக்குப் பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன. நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் தெருப் பக்கம் எத்தனை அடி விட்டாய் என்று கேட்டார்களே தவிர, காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அறைக்குள் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? அப்படியானால் மேலே சொன்ன அனைத்தும் வீண். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை முகப்புத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுப்படிக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், வெளிச்சுவரில், அடுப்புக்கு மேலே. சமையல் முடிந்தும் பத்து நிமிடம் ஓடட்டும். குழாய் போடத் தேவையில்லாத சிம்னி என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு, சூட்டையும் வாயுக்களில் பெரும்பகுதியையும் உங்கள் முகத்துக்கே திருப்பி விடும், வாங்காதீர்கள்.

இருமல் கூடியதற்கு வீட்டுக் காற்று மட்டுமே காரணம் என்று நானும் சொல்ல முடியாது. நுரையீரல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காற்று சரியாகிறதே என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தகடு உயர்த்தும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் நடக்கும் நாளில் அந்தப் புகை அப்பத்தாவுக்கு ஆகாது. உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, வளவைக் கழுவித் துடைத்த பிறகு அழைத்து வாருங்கள். அதன்பின் மூன்று வாரம் பாருங்கள். இருமல் தணியாவிட்டால் அறைக்கு ஒரு பியூரிஃபையர் வாங்கலாம், 330 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.