அப்புவைத் திட்டுறதுக்கு முன்னாடி அவன் கடைக்கு ஒருவாட்டி போயிட்டு வாங்க

கேள்வி: போன இதழ்ல ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனை ஆகா ஓகோன்னு எழுதியிருந்தீங்க. அதுல கடை வச்சிருக்கிற அப்புங்கிற இந்தியனை எவ்வளவு கேவலமா காட்டியிருக்கான்னு தெரியாமத்தான் எழுதினீங்களா? அவன் வர்ற எபிசோடு அத்தனையும் அழிக்கணும்ங்கிறேன் நான். சுயமரியாதை இருக்கிற எந்த இந்தியனாவது அதைப் பாத்து சிரிப்பானா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நான் சிரிச்சேன் சார். ஒருவாட்டி இல்ல, நாலஞ்சு வாட்டி. அதனால எனக்கு சுயமரியாதை இருக்கா இல்லையாங்கிறதை நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஆனா எந்த எபிசோடைப் பாத்துட்டு இவ்ளோ கோவம்னு உங்க கடுதாசில ஒரு வரிகூட இல்ல, அப்பு கஸ்டமர்கிட்ட “தேங்க்யூ, கம் அகெய்ன்”னு சொல்ற, மொபைல்ல சுத்துற இருபது செகண்ட் வீடியோ ஒண்ணைப் பாத்துட்டு எழுதியிருக்கீங்கன்னுதான் எனக்குத் தோணுது, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.

மொதல்ல உங்க பக்கம் இருக்கிற நியாயத்தை ஒத்துக்கிட்டுப் போயிடுறேன். அப்புவுக்கு 30 வருஷம் குரல் குடுத்தது ஹேங்க் அசேரியாங்கிற வெள்ளைக்காரர். அந்த இழுவைப் பேச்சுக்கு ‘தி பார்ட்டி’ங்கிற 1968 படத்துல பீட்டர் செல்லர்ஸ் இந்தியனா வேஷம் கட்டினதும் ஒரு மாடல்னு அவரே சொல்லியிருக்காரு, அதாவது நகலுக்கு நகல். அமெரிக்காவுல வளர்ந்த நம்மூர்ப் பசங்களை ஸ்கூல்ல இந்தக் குரலை வச்சுத்தான் கிண்டல் பண்ணானுங்க. ஹரி கொண்டபோலுன்னு ஒரு காமெடியன், 2017ல இதுக்குன்னே ஒரு டாக்குமென்டரி எடுத்தாரு, அதுல அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விங்க. 2018ல சிம்ப்சன்ஸ்காரங்க ஒரு எபிசோடுல, அந்தக் கார்ட்டூன் குடும்பத்துப் பொண்ணு லிசா வாயால அதுக்கு ஒரு பதில் சொன்னாங்க பாருங்க, அப்போ எல்லாரும் கைதட்டினது இப்போ தப்பாயிடுச்சு, அதுக்கு நாங்க என்ன பண்றதுங்கிற மாதிரி ஒரு அலட்சியம், அது எனக்கும் புடிக்கல. 2020ல அசேரியா இனிமே நான் பேசலன்னு ஒதுங்கிட்டாரு, அப்புறம் மன்னிப்பும் கேட்டாரு. குரல் விஷயம் அதோட தீந்துது.

ஆனா நீங்க அழிக்கச் சொல்றது குரலை இல்லையே, எபிசோடை. அதனால ஒரே ஒரு எபிசோடு சொல்றேன், ஏழாவது சீசன், 1996 மே 5ல வந்தது, ‘மச் அப்பு அபவுட் நத்திங்’. கதை நடக்கிற ஸ்பிரிங்ஃபீல்டு ஊருக்குள்ள வழி தவறி ஒரே ஒரு கரடி வந்துடுது. உடனே சிம்ப்சன் குடும்பத்து அப்பா ஹோமர் ஊரைக் கூட்டி ஆர்ப்பாட்டம் பண்ண, மேயர் கரடி ரோந்துப் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சு வண்டி, விமானம்னு இறக்கிடுறாரு. ஒரு கரடிகூட வரல பாத்தியான்னு ஹோமர் பெருமைப்பட, அவன் பொண்ணு லிசா கீழ கெடந்த ஒரு கல்லை எடுத்து, இந்தக் கல்லு புலியை விரட்டும்ப்பா, இங்க எங்கயாவது புலி இருக்கான்னு கேக்குறா. ஹோமர் கொஞ்சம் யோசிச்சுட்டு அந்தக் கல்லை என்ன வெலைன்னு கேக்குறான். நம்மூர்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சு விக்கிற ராசிக்கல்லு ஞாபகம் வந்து எனக்குப் பொறையேறிடுச்சு.

அப்புறம் படைக்கு ஆகுற செலவுக்கு வீட்டுக்கு 5 டாலர் வரி. கரடி வந்தப்ப கத்தின அதே கூட்டம் இப்ப வரிக்குக் கத்துது. மேயர் பாத்தாரு, வரி ஏறினதுக்குக் காரணம் கள்ளக் குடியேறிங்கதான்னு ஒரே போடு, அவங்களை நாடு கடத்த ‘24ஆம் தீர்மானம்’னு ஒரு ஓட்டெடுப்பு. சாராயக் கடை மோ என்ன சொல்றான் தெரியுமா, எனக்குத் தெரியும் அவனுங்கதான்னு, கரடியா இருந்தப்பவே எனக்குத் தெரியும்ங்கிறான்! 1994ல கலிபோர்னியாவுல கள்ளக் குடியேறிங்களுக்கு எதிரா 187ஆம் தீர்மானம்னு நிஜமாவே ஓட்டுக்கு விட்டு ஜெயிச்சு, அப்புறம் கோர்ட்டுல மாட்டிக்கிச்சே, அதைத்தான் ரெண்டு வருஷத்துல கார்ட்டூனா போட்டு அடிச்சாங்க. அடி யாருக்கு விழுதுன்னு பாருங்க, அப்புவுக்கா ஊருக்கா?

அப்புவோட கதை இதுலதான் வருது. கல்கத்தா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்ல 70 லட்சம் பேர் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு (நம்ம மக்கள்தொகையைக் கிண்டல் பண்றான், பண்ணிட்டுப் போறான்), அமெரிக்கா வந்து ஒம்பது வருஷம் கம்ப்யூட்டர்ல டாக்டரேட்டு, படிப்புக் கடனை அடைக்கத்தான் கடையில நின்னான், கடன் அடைஞ்சுது, கடையும் கஸ்டமரும் புடிச்சுப்போச்சு, விசா முடிஞ்சும் தங்கிட்டான். இப்ப பயந்துபோய் ரவுடி டோனிகிட்ட போலிப் பேப்பர் வாங்குறான், அப்பா பேரு ஹெர்ப்பு அம்மா பேரு ஜூடியாம். கவ்பாய் தொப்பி போட்டுக்கிட்டு பேஸ்பால் பேசுறான். கடையில இருந்த பிள்ளையாரைக் காணோமேன்னு ஹோமர் கேட்டா, பிள்ளையாரோட கருணையெல்லாம் எதுக்கு, பத்திரிகை அட்டையில டாம் க்ரூஸும் நிக்கோல் கிட்மேனும் செத்த கண்ணால பாக்குறாங்களே அது போதாதான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். அடுத்த நிமிஷமே தாங்க முடியாம ஒடைஞ்சு போயிடுறான். அந்த எடத்துல நான் சிரிக்கல சார். அமெரிக்காவுல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க யாரும் அங்க சிரிப்பாங்கன்னு எனக்குத் தோணல.

கடைசியில நேர் வழியில குடியுரிமைப் பரீட்சை எழுதப் போறான். அதிகாரி கேக்குறாரு, உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன? அப்பு ஆரம்பிக்கிறான், காரணம் பல இருக்குங்கய்யா, அடிமை முறையை எதுத்தவங்க ஆதரிச்சவங்க சண்டை ஒரு பக்கம், அது போக உள்நாட்டு வெளிநாட்டுப் பொருளாதாரக் காரணங்கள்னு இழுக்க, அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, அடிமை முறைன்னு மட்டும் சொல்லுப்பாங்கிறாரு. அப்படியே ஆகட்டும்னு அப்புவும் சொல்லிட்டு பாஸ். என் மச்சான் பையன் நியூஜெர்சியில இந்தப் பரீட்சைக்குப் படிச்சப்ப 100 கேள்வி லிஸ்ட்டு ஒண்ணு அனுப்பினான், அப்போ 10 கேப்பாங்க, 6 சொன்னா போதும்னு இருந்துச்சு. அதுலயும் இந்தக் கேள்வி இருந்துச்சு, அடிமை முறைன்னாலும் சரி, பொருளாதாரக் காரணம்னாலும் சரின்னு அரசாங்கமே அச்சடிச்சிருந்துச்சு. ஆக அப்பு சொல்ல வந்தது முழுசா சரி. அந்த ஊர்லயே அந்த நாட்டுச் சரித்திரம் தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான், சொல்லிக்குடுக்க வந்த ஹோமருக்கு ஒரு மண்ணும் தெரியல. இன்னொண்ணு, அதே பரீட்சைக்கு ஒட்டு மீசை வச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான், உத்துப் பாருங்க, நம்ம மோ!

இதையா அழிக்கணும்? சரி, அழிக்கலாம், ஆனா ஒரு நியாயம் வேணுமில்ல, அந்தக் கணக்குப்படி நம்ம சினிமாவுல வட்டிக்கடை சேட்டு வந்து “நம்பள்கி, நிம்பள்கி”ன்னு பேசுற காமெடி மொத்தத்தையும் கூடவே கொளுத்தணும், டீக்கடை மலையாளத்தானையும் விடக் கூடாது. அந்த சேட்டு எந்தக் காலேஜ்ல படிச்சான், ஏன் ஊரை விட்டு வந்தான்னு ஒரு படத்துலயாவது ஒரு சீன் நாம வச்சோமா? யோசிச்சுப் பாத்தேன், எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் வரல. உங்களுக்கு வந்தா எழுதுங்க, அதையும் போடுறேன்.

மறந்துட்டேனே, தீர்மானம் என்னாச்சுன்னா, அப்புவுக்கு விருந்து வச்சு ஹோமர் உருகி உருகிப் பேசியும் 95 சதவீத ஓட்டுல ஜெயிச்சுடுது. ஜனநாயகம் வேலைக்கு ஆகாதுன்னு ஹோமர் அலுத்துக்குறான். அப்புவுக்குக் குடியுரிமை வந்துட்டதால அவனைத் தொட முடியல, கடைசியில கப்பல் ஏத்தி அனுப்பினது ஸ்கூல் தோட்டக்கார வில்லியை. அவரு ஸ்காட்லாந்துக்காரரு.