கேள்வி – பதில்: பழைய மினியின் பின் பிரேக்

கே: என் பழைய மினி காரில் ஹேண்ட்பிரேக் லிவர் மேலே மேலே வருகிறது. கேபிளை இறுக்கினால் போதுமா?

ப: கேபிளில் கை வைக்காதீர்கள், முதலில் டிரம்முக்குள் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) ஷூக்களின் லைனிங், அதாவது உராய்வுப் பட்டை, தேய்ந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். பேக் பிளேட்டின் (டிரம்மின் உட்புறத்தை மூடும், சுழலாத தகடு) பின்னால் தெரியும் அட்ஜஸ்டர் திருகின் கால் அங்குலச் சதுரத் தலையை, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பிரேக் பெடலை அழுத்தி ஷூக்களை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த பாகங்கள்) நடுவில் அமரவிட்டு, சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை.

சாதா ஸ்பானர் வேண்டாம், தலை மழுங்கிவிடும்; பிரேக் அட்ஜஸ்டர் ஸ்பானர்தான் சரி. அட்ஜஸ்டரின் அலுமினிய உடலில் எஃகுத் திருகு துருவேறி இறுகுவது இந்த வண்டியின் பரம்பரை வியாதி. முந்தைய இரவே அந்தத் திருகில் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். இடைவெளியைச் சரிசெய்த அப்புறமும் லிவர் மூன்றாவது கிளிக்கில் பிடிக்காவிட்டால்தான் கேபிளை இறுக்க வேண்டும்.