முன்பணம் கட்டுமுன் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்

நாமக்கல்லிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் பிளஸ் டூவில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கட்-ஆஃப் 200-க்கு 132. எந்நேரமும் கேம். பெரிய மாமா தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். "கேம்தான் வேண்டும் என்றால் அங்கேயே கேம் டெவலப்மென்ட் பட்டமும் இருக்கிறது" என்கிறார். எதில் சேர்த்தாலும் நகை அடகுக்குப் போக வேண்டும். பதற்றப்படத்தான் செய்வீர்கள். ஆனால் முன்பணம் கேட்டு நெருக்குகிறார்கள் என்பதால் ஆறுதலில் நேரத்தைச் செலவழிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டு சீட்டும் வேண்டாம்.

பைத்தான் வகுப்பை இரண்டே வாரத்தில் விட்டுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். கோடிங் பிடிக்காத பையனை நான்கு வருடக் கோடிங்குக்கு அனுப்பினால் கையில் மிஞ்சுவது அரியரும் அடகுச் சீட்டும்தான். ‘கேம் டெவலப்மென்ட்’ என்று பெயர் மாற்றினாலும் உள்ளே இருப்பது அதே கோடிங்கும் முப்பரிமாண வரைகலையும்தான். இரண்டிலும் அவனுக்கு நாட்டம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இருப்பது வேறு. "விளையாடுவதோடு நிற்காமல், எந்த கேம் எப்போது எவ்வளவு தள்ளுபடிக்கு வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதுகிறான், பள்ளிப் பையன்களைச் சேர்த்து டிஸ்கார்ட் அரட்டை ஆப்பில் டோர்னமென்ட் நடத்துகிறான், அதற்கு போஸ்டர் வேறு" என்று புகாராக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தகவல். அவன் செய்துகொண்டிருப்பது கேம் விற்கும் வேலை. நிறுவனங்களில் அதற்கென்று தனி ஆட்கள் உண்டு: விளம்பரம் கொடுத்து ஆளைக் கொண்டுவரும் யூசர் அக்விசிஷன், வந்தவர் போகாமல் பார்த்துக்கொள்ளும் லைவ் ஆப்ஸ், ரசிகர் கூட்டத்தைக் கவனிக்கும் கம்யூனிட்டி மேனேஜர், எண்களைப் பார்த்துச் சொல்லும் அனலிஸ்ட், ஆன்லைன் கடையில் கேமின் பக்கத்தையும் வெளியீட்டையும் நடத்தும் பப்ளிஷிங். உறவினர் யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது என்பதால் இந்த வழியை யாரும் வீட்டில் பேசுவதில்லை.

நல்ல கேம் தானாக விற்கும் என்பார் மாமா. 2024 ஆகஸ்ட் 23-ல் சோனி ‘கன்கார்ட்’ என்ற கேமை 40 டாலருக்கு வெளியிட்டது. திறமையான கோடர்களும் ஓவியர்களும் வருடக்கணக்கில் உழைத்தது. அதே வகை கேம்கள் இலவசமாகக் கிடைக்கும்போது இதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை. செப்டம்பர் 6-ல் சர்வரை அணைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கு மறுபக்கம், டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்து 2023-ல் வந்த ‘வெண்பா’. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அதைப் பார்த்து இட்லி சுடும் அம்மா. கேம் என்ன என்பது ஒரே வரியில் புரிந்துவிடுகிறது. அடுத்த வருடம் ஒரு குழுவின் முதல் கேமுக்குத் தரும் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இனி வேலையின் உள்ளே போவோம். மொபைல் கேமில் தினமும் நடப்பது ஒரு கடைக்கணக்கு. புரிவதற்காக உருண்டை எண்களாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு ரூ.50,000 செலவு. ஒரு இன்ஸ்டாலுக்கு ரூ.10 விழுந்தால் 5,000 பேர் வருவார்கள். மறுநாள் திரும்பி வருபவர் 30 சதவீதம், அதாவது 1,500. ஏழாம் நாளில் 8 சதவீதம், 400. மொத்தத்தில் 100 பேர் தலா ரூ.299-க்கு எதையோ வாங்குகிறார்கள்: ரூ.29,900. பிளே ஸ்டோர் 15 சதவீதம் எடுத்தபின் ரூ.25,415. கேமுக்குள் காட்டும் விளம்பரங்களில் ஒரு ரூ.10,000. வரியைக் கணக்கில் எடுக்கும் முன்பே ரூ.14,585 நஷ்டம்.

இந்த இடத்தில்தான் ஆளின் தரம் தெரியும். அரைகுறை ஆள் "விளம்பரத்தைக் கூட்டுவோம்" என்பான். நஷ்டமும் சேர்ந்து கூடும். தொழில் தெரிந்தவன் மறுநாள் திரும்பாத 3,500 பேர் எந்த நிமிடத்தில் வெளியேறினார்கள் என்று பார்ப்பான். பெரும்பாலும் எப்படி ஆடுவது என்று சொல்லும் ஆரம்பப் பாடம் நீண்டிருக்கும், அல்லது விளம்பரத்தில் காட்டியது கேமில் இருக்காது. 2021 ஏப்ரலில் ஐஃபோனில் பயனரின் அனுமதி இல்லாமல் ஆப்கள் அவரைப் பின்தொடரக் கூடாது என்ற விதியை ஆப்பிள் கொண்டுவந்த பிறகு, எந்த விளம்பரத்திலிருந்து யார் வந்தார் என்ற கணக்கே மங்கிவிட்டது. அரைகுறை எண்களிலிருந்து சரியாக ஊகிக்கத் தெரிந்தவருக்கு அதனால் மதிப்பு ஏறியிருக்கிறது.

கணினி கேமில் கணக்கு வேறு. கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கேமை ஏற்றக் கட்டணம் 100 டாலர். 1,000 டாலர் வருமானம் வந்ததும் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ‘விரைவில்’ என்று பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டே வாரத்தில் திறப்பவர்கள் தோற்கிறார்கள். விஷ்லிஸ்ட்டில், அதாவது பிறகு வாங்க நினைக்கும் கேம்களின் பட்டியலில், சேர்த்தவருக்கு வெளியீட்டு அன்று ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும், 20 சதவீதமோ மேலோ தள்ளுபடி வைத்தாலும் அனுப்பும். அந்தப் பட்டியல் பல மாதங்களாகச் சேர வேண்டியது. வரவிருக்கும் கேம்களின் டெமோ காட்டும் ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அரைவேக்காட்டு டெமோவோடு போனால் அது வீண்.

தடுக்கி விழும் இடங்கள் இன்னும் உண்டு. டிரெய்லரின் முதல் பத்து விநாடி நிறுவன லோகோவுக்கே போய்விடும். டாலர் விலையை அப்படியே ரூபாயாக மாற்றி வைப்பார்கள், இந்தியாவில் ஒருவரும் வாங்கமாட்டார். பிரபல யூடியூபர் பெயரில் போலி மின்னஞ்சல் வரும்; நம்பி கேமைத் திறக்கும் இலவச கீ அனுப்பினால் அது மறுவிற்பனைத் தளத்தில் பாதி விலைக்குக் கிடக்கும்.

தம்பிக்கு முதலில் ஒரு சோதனை வையுங்கள். அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு கேமைக் கொடுங்கள். இதை யார் வாங்குவார், ஏன், என்ன விலைக்கு, கடைப் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். உட்கார்ந்து எழுதினால் நாட்டம் உண்மை. "அது மொக்கை கேம்மா" என்று எழுந்து போனால் அவனுக்குப் பிடித்தது விளையாட்டு மட்டுமே. இந்த வழியையும் விட்டுவிடலாம்.

தேறினால், பட்டத்துக்கு பி.எஸ்சி. புள்ளியியல். அரசு கலைக் கல்லூரியோ, அரசு உதவி பெறும் கல்லூரியோ போதும். கணக்கு படித்திருப்பதால் தகுதி உண்டு. கிடைக்காவிட்டால் பி.காம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். பி.பி.ஏ.வில் கேமிங் சிறப்புப் பாடம் என்று யாராவது லட்சம் கேட்டால் வாசலோடு திரும்புங்கள்.

மூன்று வருடமும் பட்டத்துக்கு வெளியே அவன் சேர்க்க வேண்டியது கையால் செய்த வேலை. முதல் வருடம், கேம் ஒன்றை எடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைக் காட்டும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தேடட்டும், இலவசம். ஒவ்வொரு விளம்பரமும் எந்தத் தேதியில் தொடங்கியது என்று அதில் தெரியும். நான்கு நாளில் காணாமல் போனது தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஓடுவது பணம் ஈட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து முதல் மூன்று விநாடியில் என்ன வித்தியாசம் என்று ஷீட்டில் எழுதட்டும். கடைப் படங்களுக்கும் ஒரு பயிற்சி: ஸ்டீமின் சிறிய படம் தேடல் பட்டியலில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், அந்த அளவில் கேமின் பெயர் படிக்க வருகிறதா என்று ஐம்பது கேம்களுக்குப் பார்க்கட்டும்.

இரண்டாம் வருடம், ஜனவரியில் நடக்கும், குழுவாகச் சேர்ந்து சில நாளில் கேம் செய்யும் குளோபல் கேம் ஜாமில் கோடர்களோடு சேரட்டும். அங்கே எல்லோரும் கேம் செய்ய ஓடுவார்கள். பக்கம் எழுத, டிரெய்லர் வெட்ட ஆள் இருக்காது. செய்த கேமைச் சிறு குழுக்களின் கேம்கள் கிடைக்கும் இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள், தலைப்புப் படத்தை மாற்றியதும் என்ன ஆனது என்று குறித்து வைக்கட்டும். மூன்றாம் வருடம் சிறு குழு ஒன்றின் கேமை ஸ்டீமில் வெளியிட உதவினால், நேர்காணலில் காட்ட அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

செலவில் கறாராக இருங்கள். ஒரு லட்சம் ரூபாய் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டாம். ஷீட்டுக்கும் வீடியோ வெட்டுவதற்கும் சாதாரண லேப்டாப் போதும். மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸுக்கு ரூ.60,000 கேட்பார்கள், கூகுளின் ஸ்கில்ஷாப் பயிற்சித் தளத்தில் விளம்பரப் பாடமும் சான்றிதழும் இலவசம். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஆங்கிலம் எழுதவும் பேசவும் ஒரு நல்ல வகுப்புக்குக் கொடுங்கள். அது இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது.

ரம்மி, பெட்டிங் பக்கம் மட்டும் போகவே கூடாது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டப்படி பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். வெளிநாட்டு பெட்டிங் ஆப்களுக்காக டெலிகிராமில் ஆள் பிடிக்கும் ‘மார்க்கெட்டிங் வேலை’ கல்லூரிப் பையன்களைத்தான் முதலில் தேடி வரும். இதை அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிக்க மாட்டேன். ஆரம்பத்தில் ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்பவரைவிட அதிகம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வேலை பெரும்பாலும் பெங்களூரு, புனே, மும்பை, ஹைதராபாத்தில். கேம் கம்பெனிகளில் ஆட்குறைப்பும் சகஜம். அப்படி வெளியே வந்தாலும் விளம்பரக் கணக்குத் தெரிந்த புள்ளியியல் பட்டதாரிக்கு ஆன்லைன் கடைகளிலும் வங்கிகளிலும் வேலை இருக்கிறது. புள்ளியியலைச் சொன்னதே அதற்காகத்தான்.

மாமாவிடம் பேசும்போது பையனை முன்னால் நிறுத்தாதீர்கள், நீங்களே பேசுங்கள். நான்கு வருடத்துக்கு மொத்தக் கட்டணம், விடுதி, அடகு வட்டி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு, இதில் எவ்வளவு அவர் பங்கு என்று கேளுங்கள். முன்பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் இன்றே கல்லூரிக்கு எழுத்தில் வாபஸ் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள்.