குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்: பிறந்த குழந்தை முதல் பதின்வயது வரை

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வயதை எழுதாதவர்கள் தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள். இரண்டு மாதக் குழந்தையின் காய்ச்சலும் இரண்டு வயதுக் குழந்தையின் காய்ச்சலும் பெயரளவில்தான் ஒன்று. இங்கே சொல்வது பொதுவான பதில். உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

மூன்று வயதுச் சிறுவனின் அம்மா: நேற்றிரவு 103 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தும் 101-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஈரத்துணியால் துடைத்தோம், நடுங்கினான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடுமா டாக்டர்?

பதில்: மூளைக்கு ஏறாது. மூளைதான் அதை ஏற்றுகிறது. கிருமி உள்ளே வந்ததும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பநிலையை உயர்த்தி வைக்கிறது; எதுவரை உயரலாம் என்பதையும் அதுவே கட்டுப்படுத்துகிறது. வெயிலில் பூட்டிய காருக்குள் சிக்கிய குழந்தையின் சூடு வேறு வகை. அங்கே கட்டுப்பாடு தவறிவிடும், உயிருக்கே ஆபத்து. கிருமியால் வந்த 103 மூளையைச் சேதப்படுத்துவதில்லை.

103 இருந்தது 101 ஆகியிருக்கிறது. மருந்து வேலை செய்திருக்கிறது அம்மா! உடம்புவலி குறைந்து, பையன் நாலு மடக்கு குடித்துவிட்டுத் தூங்கினால் போதும், தெர்மாமீட்டர் 98.6 காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சூடாக இருந்தும் விளையாடுகிற பிள்ளைக்கு மருந்தே தேவையில்லை. தூங்குகிறவனை எழுப்பிக் கொடுப்பதும் வேண்டாம். ஈரத்துணியை விட்டுவிடுங்கள். தோல் குளிர்ந்தால் உடல் நடுங்கி இன்னும் சூட்டை உண்டாக்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அளவை எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம்; 14 கிலோ பையனுக்கு 210. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் இருக்கும், 250-உம் இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 இருக்கலாம். நீர்த்த சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். கல்லீரலைக் கெடுக்கும் தவறு இப்படித்தான் நடக்கிறது. மருத்துவர் எழுதித் தராமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மருந்துக்குப் பிறகும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே கிளம்புங்கள். மூன்று நாள் தாண்டினால் எப்படியும் காட்டுங்கள். ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது. 100.4, அதாவது 38 செல்சியஸைத் தொட்டாலே, பார்க்க நன்றாக இருந்தாலும், நடுராத்திரி ஆனாலும், மருத்துவமனைதான்.

அதே அம்மா: போன வருடம் காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வந்தது. அதனால்தான் இந்தப் பயம்.

பதில்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் பயம் எளிதில் போகாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வருகிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். சில நிமிடங்களில் தானே அடங்கும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு அறிவு வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. மணிக்கு மணி பாராசிட்டமால் கொடுத்து அதைத் தடுக்கவும் முடியாது. ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை.

மறுபடி வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். கையைக் காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு தாத்தா: என் பேரனுக்கு 18 நாள். கண்ணும் தோலும் இன்னும் மஞ்சளாக இருக்கின்றன. தினமும் காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: ஐயா, வெயில் யோசனைக்கு ஒரு வேர் உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட தோல் வெளுத்திருந்தது, துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அங்கிருந்த மருத்துவர்கள் நீல ஒளி சிகிச்சையை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு, எவ்வளவு ஒளி, எத்தனை மணி நேரம் என்று அளந்து தரும் விளக்கு இருக்கும்போது, பச்சிளம் தோலை வெயிலில் வாட்ட வேண்டியதில்லை.

ஆனால் 18 நாள் என்றதும் என் கவலை வேறு பக்கம் போகிறது. மலம் என்ன நிறம்? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளில் சிலருக்கு மஞ்சள் பல வாரங்கள் நீடிக்கும், மலம் நல்ல மஞ்சளாகவே இருக்கும், தீங்கில்லை. மலம் வெளிறி, சுண்ணாம்பு போலவோ சாம்பல் நிறமாகவோ இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான கசாய் அறுவை சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தருகிறது. 'போகப் போகச் சரியாகும்' என்று காத்திருந்து மூன்றாம் மாதத்தில் வரும் குழந்தையைப் பார்ப்பதுபோல் எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளுக்கு, மலம் எந்த நிறமாக இருந்தாலும், தோலை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறமிக்கான இரத்தப் பரிசோதனை வேண்டும். மொத்த அளவோடு நேரடி பிலிரூபினையும் பிரித்துச் சொல்லும் பரிசோதனையாகக் கேளுங்கள். நாளைக்கே போங்கள்.

பத்து மாதப் பெண் குழந்தையின் அம்மா: பிறந்தபோது 2.7 கிலோ, ஆறாம் மாதம் 6.5, இப்போது 7.6. நாத்தனாரின் பெண்ணுக்கும் இதே வயதுதான், 10 கிலோ இருக்கிறாள். எல்லோரும் நான் சரியாகப் பால் கொடுக்கவில்லை என்கிறார்கள். சத்துமாவு ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: சத்துமாவு வேண்டாம். மூன்று எடைகளையும் எழுதினீர்களே, அதற்கு நன்றி. ஒரே ஒரு எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை, ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த ஆரோக்கியமான குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. அதில் உங்கள் மகளின் மூன்று புள்ளிகளும் 15-ஆம் கோட்டை ஒட்டியே போகின்றன. அதாவது, அவளைவிட எடை குறைந்த ஆரோக்கியமான குழந்தைகளும் நூற்றுக்குப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். நாத்தனார் மகள் 85-ஆம் கோட்டுக்கு மேலே. இரண்டு பேரும் அவரவர் கோட்டில் நலமாக இருக்கிறார்கள். 50-ஆம் கோட்டைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்லியும் பயனில்லை. கோட்டிலிருந்து நழுவி அடுத்தடுத்த இரண்டு கோடுகளைக் கடந்து கீழே இறங்கினால் அப்போது தேடுவோம். பேசுகிறவர்களிடம் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

ஓர் அப்பா: 14 மாதக் குழந்தைக்கு நேற்றிலிருந்து எட்டுத் தடவை தண்ணீராகப் போகிறது. பல் முளைப்பதால் என்கிறார்கள். போவதை நிறுத்த மருந்து கொடுக்கலாமா?

பதில்: பல் முளைத்தால் வாய் ஒழுகும், ஈறு வீங்கும், குழந்தை சிணுங்கும். எட்டுத் தடவை வயிற்றுப்போக்குப் போகாது. காரணம் பெரும்பாலும் வைரஸ். நிறுத்தும் மருந்து இந்த வயதில் கூடாது. குடலின் அசைவையே முடக்கிவிடும்.

வேண்டியது ஓஆர்எஸ். குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும், சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் சேர்ந்து வந்தால் இரண்டையும் சேர்த்தே உள்ளிழுக்கும்; தண்ணீர் பின்னாலேயே போகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, திலீப் மகாலநபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, உறவினர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதத்தை நெருங்கிய இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. இவ்வளவு மலிவான மருந்து என்பதாலேயே மதிப்பதில்லை.

பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். பாதியைக் கொட்டிக் கண்ணளவாகத் தண்ணீர் விட்டால் உப்பு கூடிப்போகும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. சலிப்பான வேலைதான், அம்மாவை மட்டும் உட்கார வைக்காமல் நீங்களும் கரண்டியைப் பிடியுங்கள். பழச்சாறும் சோடாவும் வேண்டாம், சர்க்கரை மிகுந்து போக்கைக் கூட்டும். பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம் என்று 10 முதல் 14 நாள் வரை எழுதித் தருவார்கள். போக்கு நின்ற பிறகும் முடிக்க வேண்டும். கண் குழிந்தாலோ, இரத்தம் கலந்து போனாலோ, குடிக்கவே மறுத்து மயங்கினாலோ வீட்டில் இருக்காதீர்கள்.

நான்கு வயது மகனின் அம்மா: சளி, இருமல் பத்து நாளாகிவிட்டது. ஆன்டிபயாடிக் கேட்டால் எங்கள் மருத்துவர் தர மறுக்கிறார். வேறு ஒருவரைப் பார்க்கட்டுமா?

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல மருத்துவர். பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. இருமல் மருந்தும் இந்த வயதில் வேண்டாம். ஒரு வயது தாண்டிவிட்டதால் படுக்கப்போகுமுன் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

மகன் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகம் அதிகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை இந்த எல்லை 50, இரண்டு மாதத்துக்குள் 60. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்புங்கள்.

20 மாதச் சிறுவனின் அம்மா: இன்னும் ஒரு சொல்கூடத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்கிறார் மாமியார். வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலா?

பதில்: இரண்டு மொழியால் இல்லை. இரண்டையும் தாராளமாகப் பேசுங்கள். ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதிப்பது உண்மைதான், ஆனால் 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால் ஆணோ பெண்ணோ பார்த்தாக வேண்டும். முதலில் காது கேட்கும் திறன் பரிசோதனை. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் நல்லது; தேவையில்லாமல் தொடங்கியதால் கெட்டவர் யாரும் இல்லை. அதுவரை கைப்பேசியை எடுத்துவிடுங்கள். அது பேசும், பதிலுக்குக் காத்திருக்காது.

நடைவண்டி வாங்கலாமா? சீக்கிரம் நடப்பானா?

பதில்: உட்கார வைத்து உருட்டும் வண்டி என்றால் வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருள்வதற்குத்தான் உதவும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

ஐந்தரை வயது மகள் இரவில் படுக்கையை நனைக்கிறாள். திட்டிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: தூக்கத்தில் தன்னையறியாமல் போவதற்குத் திட்டு எப்படி மருந்தாகும்? ஐந்து வயதில் நூற்றில் பதினைந்து பேர் அப்படித்தான். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நிறையப் பேருக்கு அதுதான் மறைமுகக் காரணம். பல மாதம் நனைக்காமல் இருந்து மறுபடி தொடங்கினாலோ, அதிகமாகத் தாகம் எடுத்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தாலோ பரிசோதிக்க வேண்டும்.

15 வயது மகளின் அம்மா: வயிற்றுவலிக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று சொல்லவும் இல்லை. இது முறையா?

பதில்: முறைதான். நானும் அப்படித்தான் செய்வேன். மாதவிடாய், பள்ளியில் யாரோ தரும் தொல்லை, சாப்பிடாமல் எடை குறைக்கும் முயற்சி, மனச்சோர்வு என்று வயிற்றுவலிக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்தால் தலையாட்டலோடு நின்றுவிடும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் சொல்வார். துருவிக் கேட்காதீர்கள். வீடு திரும்பும் வழியில் 'எப்போது சொல்லத் தோன்றினாலும் சொல்' என்று ஒரு வார்த்தை போதும். மறுபடி மறுபடி கேட்டால் அடுத்த தடவை மருத்துவரிடமும் சொல்ல மாட்டாள்.

13 வயதுப் பையன்: டாக்டர், என் மார்புக் காம்புக்குக் கீழே கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. புற்றுநோயா? வீட்டில் சொல்லவில்லை.

பதில்: தம்பி, உன் வயதில் இது புற்றுநோயாக இருப்பது அரிதிலும் அரிது. பருவமடையும்போது ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்கு இது வரும். ஒரு பக்கம் மட்டுமாகவும் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே கரைந்துவிடும். உன் வகுப்பிலேயே சிலர் இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேகமாகப் பெரிதானாலோ, கல் போல இறுகினாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ காட்டிவிடு. உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது பொடியோ மாத்திரையோ கொடுத்தால் தொடாதே.

நீ வெட்கப்படாமல் எழுதியதால் இன்னொன்றும் சொல்கிறேன், கேட்காமலே. விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால், வாந்தியும் சேரலாம், விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறையும். பையன்கள் வெட்கத்தில் 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லிக் காலை வரை படுத்திருக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. இரவு இரண்டு மணியானாலும் அப்பாவையோ அம்மாவையோ எழுப்பி, எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்.