ஸ்கேனில் நான்கு அறைகளும் சரி என்றார்கள், பிறகு குழந்தைக்கு இதய எகோ எதற்கு?

கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை, இப்போது 21 வாரம், ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும் சரி என்றார்கள், ஆனாலும் டாக்டர் எகோவுக்கு (குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) எழுதியிருக்கிறார், போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். என் மகனுக்கும் நான்கு அறைகளும் சரியாகத்தான் இருந்தன.

அறைகளிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள்தான் அவனுக்கு இடம் மாறியிருந்தன. அவை ஒன்றையொன்று குறுக்கே கடந்து போக வேண்டும். இவனுக்கு இணையாகப் போயின. அறைகளை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. வயிற்றுக்குள் நன்றாக உதைத்துக்கொண்டுதான் இருந்தான், தொப்புள்கொடி வழியாக ஆக்சிஜன் வருகிறதே! பிறந்த பிறகுதான் சிக்கல். நுரையீரலில் சுத்தமான ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகும். உடம்புக்குப் போவது ஆக்சிஜன் இல்லாத ரத்தம். இரண்டும் கலக்க வழி வேண்டும். கருவில் திறந்திருக்கும் ஒரு சின்னக் குழாய் பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். அதை மூடவிடாமல் வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அதுவும் போதாமல், பலூன் விட்டு மேலறைச் சுவரின் துளையைப் பெரிதாக்கினார்கள். அப்புறம் குழாய்களை மாற்றித் தைக்கும் ஆபரேஷன். அதைப் பொதுவாகப் பிறந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே செய்துவிடுவார்கள்.

முன்பே தெரிந்ததால் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையிலேயே பிரசவத்தை வைத்துக்கொண்டோம். குழந்தைகளுக்கான இதயப் பிரிவு அங்கேயே இருக்கிறது. தெரியாமல் வேறெங்காவது பிறந்திருந்தால், நீலம் பூத்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி ஓட வேண்டியிருக்கும்.

கிரகணத்தில் வெளியே போனாயா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். உங்களையும் கேட்பார்கள், காதில் வாங்காதீர்கள். இதயம் முதல் எட்டு வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் குறை வரும் வாய்ப்பு கூடும், டாக்டர் எழுதியது அதற்காகத்தான். டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொண்டேன். எகோவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994 முதல் அரசு மருத்துவமனையில் இலவசம். கிளினிக் கடிதம் இருந்தால் போதும்.

எகோவிலும் எல்லாம் தெரிந்துவிடாது, சின்ன ஓட்டைகள் தப்பிவிடும். பெரிய குழாய்கள் இரண்டும் குறுக்கே கடக்கின்றனவா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய ஸ்கேன் தாள்களையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.