மன்னார்குடியில் ஓடும் ஸ்விஃப்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட என்னென்ன மாற்ற வேண்டும்?

கேட்டவரிடம் இருப்பது 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஆசை. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது; எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், தாழ்த்துகிற ஸ்பிரிங் இந்த மூன்றில் எதை முதலில் போடலாம் என்கிறார்.

மூன்றும் வேண்டாம். நான் நீடாமங்கலம் பக்கம், என்னுடையதும் இதே வகை வண்டிதான். முதல் தடவை போனபோது இதே ஆசையில் எக்ஸாஸ்ட் மாற்றிவிட்டுத்தான் போனேன். சத்தம் பிரமாதம். பிரேக் ஆயில் மட்டும் நாலு வருடப் பழசு, அது என் நினைவிலேயே இல்லை. நாலாவது சுற்றில் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால், நடவு வயலில் கால் வைத்த மாதிரி பெடல் பாட்டுக்கு உள்ளே இறங்குகிறது. குத்திக் குத்தி மிதித்து, கியரைக் குறைத்து, புல்லில் இறங்கித்தான் நின்றேன். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கால் நடுக்கம் அடங்கத்தான் அரை மணி நேரம் ஆனது.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை (டாட் என்பது டப்பாவில் போட்டிருக்கும் பிரேக் ஆயில் தர எண்) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்தக் கணக்கு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, அப்புறம் 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் தரைக்குப் போகிறது. மழைக்காலம் முழுக்கச் சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கிற நம் ஊரில், வயலோரம் நிற்கும் வண்டியின் ஆயிலை 'இன்னும் அளவு குறையவில்லையே' என்று விட்டுவைப்பது தப்பு. அளவு குறையாது, தரம்தான் குறையும்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். டாட் 4 அல்லது 5.1, மூடி பிரிக்காத புது டப்பா. வெறும் 5 என்று போட்டிருப்பதை வாங்கிவிடாதீர்கள்; அது சிலிகான், இதோடு சேராது. வண்டியின் மேல் டப்பாவில் இருக்கும் பழசை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றுவதோடு வேலை முடியாது, நான்கு சக்கரத்திலும் பிளீட் பண்ண வேண்டும், அதாவது குழாயில் இருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே மெக்கானிக் சக்கரத்தருகே ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடி, 'விடுங்க' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கணும். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி டியூபில் முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அது வெளிர் மஞ்சளாகி, குமிழி நிற்கும்வரை விடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமே ஓடிய வண்டியென்றால் உப்புக் காற்றில் நிப்பிள் இறுகியிருக்கும். முந்தின நாளே துருநீக்கி அடித்து ஊறவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது முறிந்து கையில் வந்துவிடும். பெயிண்டில் பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும்.

அடுத்தது முன் பிரேக் பேடு. சூடு அதிகம் தாங்கும் பேடு போட்டால் நல்லது, ஆனால் முழு ரேஸ் பேடு வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, நீங்களோ அதே வண்டியில் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஓட்டும்போது ஒரு வித்தியாசம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடாகிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதிக்கிறது. இரண்டுக்குமே வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுவதுதான் மருந்து.

அப்புறம், எங்கள் ஊர் வண்டிகளுக்கென்றே ஒரு சமாச்சாரம். தை, மாசியில் அறுவடை மிஷின் ஓடும்போதும், ரோட்டில் நெல் காயும்போதும் அந்தப் பதர், சுனை, வைக்கோல் தூசி எல்லாவற்றையும் நம் வண்டி மூக்கால் வாங்கிக்கொள்கிறது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளியில் அது போய் அடைந்துகொள்ளும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே தள்ளும். நான் ஒரு தடவை பம்பரைக் கழற்றி, இரண்டையும் சற்றுப் பிரித்து, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டேன். இரண்டு கை நிறையப் பதர். அதில் நாலைந்து நெல் முளைத்தே இருந்தது! சாதாரண ரோட்டில் இதனால் எதுவும் தெரியாது. டிராக்கில் ஐந்து சுற்று முழு ஆக்ஸிலேட்டரில் போனால் டெம்பரேச்சர் ஏறுவது இதனால்தான். அதிக அழுத்தத்தில் அடிக்கவிடாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். கூலன்டில் போர் தண்ணீர் கலந்திருந்தால் மொத்தமாக இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்: கம்பெனி ஃபில்டரே, புதிதாக.

டயரில், பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தாலோ பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தாலோ உங்கள் 80,000-இல் பெரிய பங்கு இங்கேதான் போக வேண்டும். காற்று விஷயத்தில் ஊரில் அடிக்கும் கணக்கோடு நின்றுவிட முடியாது. சூடானதும் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறும். நான் செய்வது: ஒரு கேஜும் பள்ளிக்கூடச் சாக்பீஸும் பையில் இருக்கும். டயரின் பட்டையும் பக்கச் சுவரும் சேருகிற ஓரத்தில் குறுக்கே நாலைந்து கோடு போட்டுவிட்டு ஓட்டுவேன். திரும்பி வந்து பார்த்தால் எதுவரை கோடு அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் உருண்டிருக்கிறது. பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. ஓரத்துக்கு வராமலே கோடு அப்படியே நின்றால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்கலாம்.

இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டையொட்டி இருக்கட்டும். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். வீல் நட்டை டார்க் ரென்ச்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள், ஒவ்வொரு முறை உள்ளே வந்து ஆறிய பிறகும் பாருங்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி, ஸ்டெப்னி, டேஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாம் வெளியே. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்தால் மேலே எழுதிய அத்தனையும் வீண். முழுமுக ஹெல்மெட், பருத்திச் சட்டை, மெல்லிய அடி வைத்த ஷூ. செருப்புக் காலோடு விடமாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்வதில்லை. சாதாரணத் தனியார் கார் பாலிசியில் போட்டி ஓட்டமும் வேகச் சோதனையும் விலக்கு என்று அச்சிட்டே இருக்கிறது. அங்கே தடுப்பில் போய் உரசினால் கைக்காசுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை அதற்காக வங்கியிலேயே விட்டுவைத்திருப்பதாக நான் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் என்னவோ அதை நம்பவில்லை.

பவர் பத்தாதே என்ற கவலை வேண்டாம். காரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், சின்ன வண்டிக்கு ஏற்ற டிராக். அது யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தவர்.

நாலைந்து சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். கடைசிச் சுற்றில் முடிந்தவரை பிரேக் தொடாமல் மெதுவாக வந்து, நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். பின் டிரம் சூடாக இருக்கும்போது இழுத்துப் பிடித்தால் லைனிங் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கிளம்பும் முன் இறக்கிய காற்றைத் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள், மன்னார்குடிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் இருக்கிறது. பிள்ளையாரை ஒட்ட இரட்டைப் பக்க டேப்பும் ஒன்று எடுத்துப் போங்கள்.