கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய ஆய்வேடு

கேள்வி: எம்.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். பவானி ஜமக்காள நெசவாளர்களைப் பற்றி ஆய்வேடு. 30 பேரைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். நேரமில்லாததால் பேட்டிகளையும் சாட்ஜிபிடியிடமே எழுதி வாங்கிவிட்டேன். அப்பாவின் தறிச் சத்தம் தொந்தரவாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டே நாளில் முடித்தேன். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் 8 சதவீதம்தான் காட்டியது. 10க்குள் இருந்தால் பிரச்சினையில்லை என்கிறார்கள். மூன்று வாரத்தில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. மாட்டிக்கொள்வேனா? இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பவானி

பதில்: அம்மணி, மாட்டுவாயா மாட்டாயா என்று ஜோசியம் சொல்ல நான் உட்காரவில்லை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. தறிச் சத்தம் தொந்தரவு என்று கதவைச் சாத்தினாயாமே!

சுவருக்கு அந்தப் பக்கம் உன் அப்பா தறிக் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் நீ, நெசவாளி என்ன சொல்வார் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அனுப்பிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். அதில் பேசுகிற ஏழு பேரும் 'பாரம்பரியம்', 'பெருமை' என்றே பேசுகிறார்கள். ஒருத்தர்கூடக் கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. முட்டி வலி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நெசவாளியை நீ பவானியில் எங்கே பார்த்தாய்?

அந்த 10 சதவீதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதியில் வருவது. ஏற்கெனவே எழுதியிருப்பதோடு உன் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்றுதான் சாஃப்ட்வேர் பார்க்கும். இல்லாத ஆள் பேசாத பேச்சு எதோடு ஒத்துப்போகும்? பூஜ்யமே காட்டியிருந்தாலும் பேட்டியை இட்டுக்கட்டுவது மோசடிதான்.

உன் வீட்டுக்குத் தெரியாத சங்கதியா இது? 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஒதுக்கிய பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. கைத்தறிக்கென்று ஒதுக்கியதை விசைத்தறியில் ஓட்டக் கூடாது. மெஷின் சரக்கைக் கைத்தறி என்று யாராவது விற்றால் உன் அப்பாவுக்கு வயிறு எரியுமா எரியாதா? நீ செய்திருப்பதும் அதே வியாபாரம்தான். அந்தத் தறிக் கூலியில் படித்துவிட்டு.

ஏஐயைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. காலேஜ் அனுமதித்தால் ஆங்கிலத்தைத் திருத்தவும் கேள்விகளை ஒழுங்குபடுத்தவும் வைத்துக்கொள். எதற்கு வைத்துக்கொண்டாய் என்பதை ஆய்வேட்டிலேயே எழுது. ஏஐ சொல்லும் புத்தகம் உண்மையில் உண்டா என்று லைப்ரரியில் பார். இல்லாத தீர்ப்புகளை அது சொன்னபடியே கோர்ட்டில் கொடுத்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

திங்கட்கிழமை கைடிடம் போய் நடந்ததைச் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். ஆறு மாதம் தள்ளிப் போனாலும் போகட்டும். அதற்கு முன்னால் இன்றைக்குச் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு தறி ஓரமாகப் போய் உட்கார். ஒரு ஜமக்காளத்துக்கு என்ன கூலி, நெய்ய எத்தனை நாள், நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேள். தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்றால் இன்னும் கிட்டே போ.